அவன் கதவுக்கு எதிர்ச்சுவர்

— இன்னும் கொஞ்சம் மேல தூக்குங்க. இன்னும்... ஐயோ, கோணலா இருக்குங்க.

— கோணலா? உன் தையல் டேப்ப வச்சு மூணு தடவை அளந்தாச்சு. சுவர்தான்டி கோணல்.

— ஆமா, ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்.

— மெதுவாப் பேசு. உள்ள துரை தூங்கிட்டிருப்பான்.

— ராத்திரி மணி பதினொண்ணு. முழிச்சிருந்தா மட்டும் வந்து, 'அம்மா, படம் கோணல்'னு சொல்லிடப் போறானா? காலேஜ விட்டுட்டு வந்து கதவச் சாத்தினவன். பெத்த புள்ள மூஞ்சியப் பார்த்து ஒன்றரை வருஷம் ஆச்சு.

— ...பென்சில் எங்க?

— உங்க காதுல.

— ம்... இதுக்குக் கண்ணாடி போட்டிருக்கலாமோ?

— வேண்டாங்க. அக்ரிலிக் பெயிண்டுக்குக் கண்ணாடி எதுக்கு? ஈரத்துணியால மெதுவாத் துடைச்சாப் போதும். கண்ணாடி போட்டா வெளிச்சம் பட்டுப் பளபளக்கும், படமே தெரியாது. கதவத் திறந்ததும் அவன் கண்ணுல இதுதான் படணும். தான் வரைஞ்சத வீட்டுல மாட்டி வச்சிருக்காங்கன்னு...

— அடேங்கப்பா. இவ்வளவு விவரம் எப்பக் கத்துக்கிட்டே?

— எங்கயோ... படிச்சேன்.

— ம். இதோட எட்டு. போன வருஷத்துது அஞ்சு, இந்த மூணு மாசத்துல மூணு. இப்படி வா, உன் கையக் குடு.

— எதுக்கு? இந்த வயசுல...

— அட, குடுடி. இந்தப் பழைய படத்த விரலால தடவு. பெயிண்ட் மேடு மேடா இருக்கா? பிரஷ் எந்தப் பக்கம் சாஞ்சு போயிருக்கு?

— இப்படி... இந்தப் பக்கமா.

— இப்ப நாம மாட்டினதத் தடவு.

— இதுவும் மேடாத்தான் இருக்கு...

— எதிர்ப்பக்கம் சாயுது. நம்ம புள்ள இடதுகைக்காரன்டி.

— புதுசா ஏதாவது முயற்சி பண்ணியிருப்பான்...

— முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைக்காத. உன் நகக்கண்ணுல நீலம் இருக்கு.

— ...எப்பத் தெரியும் உங்களுக்கு?

— உன்னோட முதல் படத்துலயே.

— தெரிஞ்சுமா மூணையும் மாட்டினீங்க?

— நீ ஏன் வரைஞ்சே? முதல்ல அதச் சொல்லு.

— வெறும் கேன்வாஸ வாங்கிட்டு வந்து அவன் கதவுல சாத்தி வைப்பீங்க. அஞ்சு தடவை வரைஞ்சு வெளிய வச்சான். ஆறாவது வெள்ளையாவே நின்னுச்சு... பத்து நாள். டிரைவிங் ஸ்கூல்ல கார் ஓட்டக் கத்துக்குடுத்துட்டு வந்து, ஷூவக் கூடக் கழட்டாம அதையே பார்த்துக்கிட்டு நிப்பீங்க. என்னால அந்த முகத்தப் பார்க்க முடியலங்க. அவன் வெளிய தூக்கிப் போட்ட பெயிண்ட எடுத்து, நீங்க வர்றதுக்குள்ள தையல் மெஷினுக்குப் பின்னால ஒளிஞ்சு ஒக்காந்து...

— நல்லாத்தான்டி வரைஞ்சிருக்கே.

— கிண்டல் பண்ணாதீங்க.

— கிண்டல் இல்ல. 'பாருங்க, நம்ம புள்ள மறுபடி வரைஞ்சிருக்கான்'னு ஓடி வந்தே. பொய்யாவே இருந்தாலும், சிரிச்சே. அதப் போயி எப்படிக் கெடுக்கறது?

— அவன் நெஜமாவே வரையறத விட்டுட்டான். கையில பிரஷ் இருக்கற வரைக்கும் எப்படியும் மீண்டு வந்துடுவான்னு நெனச்சேன். அதுவும் போச்சு.

— அழாத.

— போகட்டும்ங்க. வரையாட்டிப் போறான். வாசல்ல வைக்கற சாப்பாட்டுத் தட்டு காலியாத்தானே வெளிய வருது? கதவுக்கடியில லைட் வெளிச்சம் தெரியுது. உள்ள ஒரு உசுரு இருக்கு... எனக்கு அது போதும். என்னங்க? ஏன் அப்படியே ஒக்காந்துட்டீங்க? சொல்லுங்க... போதும்தானே?

— அந்தச் சாப்பாட்ட மூணு வாரமா நான்தான்டி சாப்பிடறேன்... லைட்டும் நான்தான் போடறேன். அவன் ரூமோட பின்கதவு வழியாப் போயிட்டான். வேலை முடிஞ்சு தெருத்தெருவாத் தேடிட்டுத்தான் வீட்டுக்கே வர்றேன்... எங்கயும் இல்லடி.