ஹில்டா என்ற கோழியும் இரண்டு கமாக்களும்

எனது பெயர் வினிஃப்ரெட் ஆக்ராய்ட், வயது 67, க/பெ. காலஞ்சென்ற ஹெர்பர்ட், ஹாலிஃபாக்ஸ் நகரில் வசித்து வருகிறேன். முப்பத்தொரு வருடம் செய்தித்தாள் அலுவலகத்தில் அச்சுப்பிழை திருத்தி ஓய்வு பெற்றவள்.

எங்கள் வாடகைத் தோட்டச் சங்கத்தில் ஆளுக்கொரு பாத்தியாகப் பதினோரு உறுப்பினர்கள். பக்கத்துப் பாத்திக்காரர் ஸ்டான்லி மட்டும் பன்னிரண்டு கோழி வளர்த்தார். வேலை பார்த்த ஆலை மூடிய பிறகு அவர் வாய் திறந்து பேசுவது அவற்றிடம்தான். கடந்த வெள்ளியன்று சங்கச் செயலாளர் குரோஷா வாசலில் பலகை மாட்டினார். கோழி வளர்க்கும் உறுப்பினர்கள் மாதக் கடைசிக்குள் பாத்தியைக் காலி செய்யவேண்டும் என்றிருந்தது. ஸ்டான்லி அதைப் படித்துவிட்டுத் தீனி வாளியைக் கீழே வைத்தார், மறுபடி எடுக்கவில்லை.

அதன் பின் சனிக்கிழமை காலை கறுப்புப் பெயிண்ட் கொண்டுபோய், ஆங்கிலத்தில் ‘உறுப்பினர்கள்’ என்பதை அடுத்து வரும் ‘கோழி வளர்க்கும்’ என்ற பகுதிக்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு கமா போட்டேன். கமா இல்லாவிட்டால் கோழி வைத்திருப்பவர் மட்டும் போகவேண்டும். இருந்தால், உறுப்பினர் எல்லாருமே கோழி வளர்ப்பவர்கள், எல்லாருமே போகவேண்டும்.

அதன் பின் உறுப்பினர் எல்லாரும் கூடியிருந்தபோது செயலாளர் வந்து, "யாரு பாத்த வேலை இது?" என்று கத்தினார்.

"நாந்தான். படிச்சுப் பாருங்க. எல்லாரும் கிளம்ப வேண்டியதுதான், உங்களையும் சேத்து."

"எங்கிட்ட ஏதும்மா கோழி?"

ஸ்டான்லி ஒரு பழுப்புக் கோழியைக் கொண்டுவந்து அவர் கையில் வைத்து, "இந்தாங்க, பேரு ஹில்டா. குளிர் தாங்காது, பாத்துக்கோங்க" என்றார். மற்றவர்களும் சிரித்துக்கொண்டே ஆளுக்கொன்று கேட்டு வாங்கினோம். ஸ்டான்லிக்கு மிஞ்சியது இரண்டு. அன்று அவர் ஒவ்வொரு பாத்தியாக நின்று, தீனி எவ்வளவு போடவேண்டும் என்று மதியம்வரை பேசியதை நான் கேட்டேன். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

அதன் பின் சங்கப் பலகையைச் சேதப்படுத்தியதாகச் செயலாளர் புகார் கொடுத்ததாக அறிகிறேன். சேதம் இரண்டு கமா, ஒப்புக்கொள்கிறேன். ஹில்டாவை அவர் திருப்பித் தரவில்லை. இன்று காலை நான் இந்தக் காவல் நிலையத்துக்கு வரும் வழியில், அவர் தமது பாத்தியில் கோழிக்கூண்டுக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தார். பலகையைக் கழற்றி அதற்குக் கூரையாகப் போட்டிருந்தார்.

மேலே சொன்னவை படித்துக் காட்டப்பட்டன, அத்தனையும் உண்மை. இதிலுள்ள கமாக்கள் கான்ஸ்டபிள் போட்டவை, நான் கைவைக்கவில்லை.

(ஒப்பம்) வினிஃப்ரெட் ஆக்ராய்ட்