ஸ்வெட்டரின் இரண்டாவது கை

புதன்கிழமை மாலை, லாரி மெக்கானிக்கின் வீடு. மனைவியின் வலது மணிக்கட்டில் கட்டு. மகள் மறுநாள் காலை குளிர் ஊர் ஒன்றுக்கு வேலைக்குக் கிளம்புகிறாள்.

— கடையில ஸ்வெட்டர் ஒண்ணு வாங்கிடலாம்னா கேக்குறியா?

— எதுக்குங்க? நான் பின்னினது இருக்கே.

— அதுக்கு ஒரு கைதானே இருக்கு. இன்னொரு கையை நம்ம பொண்ணு பாக்கெட்டுலயே வச்சுக்கிட்டு வேலை பாக்கணுமா?

— கிண்டலா... மறு கையும் முடியப் போகுது.

— படியில வழுக்கி மணிக்கட்டு பிசகி உக்காந்திருக்க. யார் முடிக்கிறா? பூனையா?

— நம்ம வீட்டுல ஏதுங்க பூனை?

— அதான் கேக்குறேன்.

— நானும் அதைத்தான் கேக்குறேன். நான் விழுந்த அன்னைக்கு இந்த ஸ்வெட்டர் கை தோளோட நின்னுச்சு. இப்போ முழங்கையைத் தாண்டிடுச்சு.

— உன் தங்கச்சி வந்து போட்டிருப்பா.

— அவளா... பட்டன் தைக்கவே என்கிட்ட வருவா.

— அப்போ பக்கத்து வீட்டம்மா...

— கொஞ்சம் இப்படி வாங்க. இது நான் பின்னின இடம். தொட்டுப் பாருங்க.

— ம்... மெத்துனு இருக்கு.

— அதுக்குக் கீழ?

— அதுவும் அதே நூல்தான்.

— சொல்லுங்க.

— கொஞ்சம் கெட்டியா...

— கொஞ்சமா? சக்கரத்து நட்டு மாதிரி முறுக்கியிருக்கு. இப்படி முறுக்குற ஆள் எனக்குத் தெரிஞ்சு ஒருத்தர்தான்.

— லூசா விட்டா வழியில கழண்டுடாதா?

— ஆக, நீங்கதான்.

— பட்டறையில யார்கிட்டயும் சொல்லிடாத. மானம் போயிடும்.

— வீட்டுக்கு வந்ததும் வராததுமா அவ்வளவு நேரம் கை கழுவுறப்பவே நினைச்சேன்.

— கம்பளியில கிரீஸ் பட்டா போகாதே.

— யார் கத்துக்குடுத்தா?

— இத்தனை வருஷமா உன் எதிர்லதானே உக்காந்து டீ குடிக்கிறேன். கியர் பெட்டியைவிட சுலபம்னு நினைச்சேன்... இல்லை.

— ஒரு கண்ணிகூட நழுவலைங்க.

— ஆனா கை குறுகிடுச்சே. அவளுக்கு ஏறாது. அதான் கடைக்குப் போவோம்னேன்.

— அவளுக்கு இடது தோள் கொஞ்சம் இறக்கம். அது கடைக்காரனுக்குத் தெரியுமா?

— அப்போ பிரிச்சுட்டுத் திரும்ப...

— பிரிச்சீங்க, தெரியும் சேதி. நனைச்சு, நல்லா இழுத்து, துண்டு மேல ஊசி குத்திப் படுக்கப் போட்டா விடியறதுக்குள்ள இடம் கொடுத்துடும். மிச்சம் இருக்குறதைப் போடுங்க.

— இப்பவா? அவ வந்துட்டா?

— வரட்டும். அப்பா போட்டதுன்னு தெரிஞ்சே மாட்டிக்கட்டும்.

— சரி... ஊசியை எடு. ஆமா, உன் கட்டை எப்போ பிரிப்பாங்களாம்?

— போன வாரமே பிரிச்சாச்சுங்க. பின்னலாம்னு வந்து இதை எடுத்தேன், நீங்க போட்ட வரிசை இருந்துச்சு. நீங்க நிறுத்திடக் கூடாதேன்னு கட்டைத் திரும்ப நானே சுத்திக்கிட்டேன்.