பக்கத்து அடையாளம்

ஹலோ... ஆங், நான்தான்... இல்லங்க, இன்னும் லேப்லதான். மைக்ரோஸ்கோப் ரூம்ல. லைட்ட அணைச்சிருக்கேன், அதான் மெதுவா பேசறேன்... லைட்டுக்கும் குரலுக்கும் என்ன சம்பந்தம்னு எனக்கும் தெரியல, விடுங்க...

சாப்பிட்டேன்... சாப்பிட்டேன்னுதான் நெனைக்கிறேன்...

நடுவுல பேசாம கேளுங்க. அடுத்த வாரம் பிஎச்.டி. வைவா கெடையாது... ஆமா. கெடையாது... தள்ளிப்போடல, தீசிஸே நிக்காது... ஐயோ, கத்தாதீங்க. குட்டி பக்கத்துல இருக்காளா?... சரி, வெளிய வந்து பேசுங்க...

செல் ரெண்டாப் பிரியற கதை சொல்லியிருக்கேன்ல?... ஆமா ஆமா, உங்களுக்குத் தூக்கம் வர்ற அதே கதை. க்ரோமோசோம் நல்லா இறுகிக்கிட்டாத்தான் சரிபாதியாப் பிரியும். அதுல டி.என்.ஏ. இழை சுத்தியிருக்கிற புரதம் இருக்கே, ஹிஸ்டோன், அதோட வால்ல அந்த நேரத்துல ஒரு பாஸ்பேட் வந்து ஒட்டும்... ஆங், அதான் அடையாளம். நம்ம செல்லுல அந்த அடையாளம் இல்ல, அதனாலதான் க்ரோமோசோம் பின்தங்கி நடுவுல மாட்டிக்குதுன்னு எழுதினேன்... ம். தீசிஸ் முழுக்க அதான்...

இருக்குங்க. அடையாளம் இருக்கு... இன்னைக்குத்தான் பார்த்தேன். அடையாளத்தைத் தேடி ஒட்டிக்கிட்டுப் பச்சையாக் காட்டுமே, அந்தப் பழைய ஆன்டிபாடி தீர்ந்துபோச்சு, வைவாவுக்கு நல்ல படமா ஒண்ணு எடுப்போமேன்னு வேற கம்பெனியோடதைப் போட்டேன். பிரியற செல்லெல்லாம் பச்சைப்பசேல்னு எரியுது... இல்ல, கலக்கினதுல தப்பில்ல. மறுபடியும் போட்டுப் பார்த்துட்டேன்...

எப்படின்னா... அந்த வால்ல, பக்கத்து எடத்துல இன்னொரு அடையாளம் ஒட்டியிருக்கு. அது மறைச்சதால பழைய ஆன்டிபாடியால உக்கார முடியல... பக்கத்து வீட்டுக்காரர் வண்டிய நிறுத்தி நம்ம கதவு நம்பரை மறைக்கிறாரே, அதே மாதிரி. நான் வீடே இல்லன்னு எழுதிக் குடுத்துட்டேன்... சிரிங்க, பரவால்ல...

யாருக்குத் தெரியும்னா?... எனக்குத் தெரியும்... இல்ல, அப்படிச் செய்ய முடியாது... நீங்க இதைச் சொல்லுவீங்கன்னு தெரியும். அதனாலதான் கைடு மேடம்கிட்ட சொல்லிட்டு உங்களுக்குப் போன் பண்றேன்... ஆமா. சொல்லியாச்சு... திட்டல. கண்ணாடியக் கழட்டித் தொடச்சாங்க, "முதல்லேருந்து செய்யணும்மா"ன்னாங்க. அவ்வளவுதான்...

எவ்வளவு நாள் ஆகுமா?... வருஷக் கணக்குலதான்... விட்டுட்டு வந்துடுன்னா? பாதியில விட்டுட்டு அங்க வந்து நான் என்ன செய்யறது?... தெரியலங்க. எனக்கு ஒண்ணுமே தெரியல. அழுகையும் வரல...

உங்களுக்குக் கஷ்டம், தெரியும். குட்டியப் பார்த்துக்கிற உங்க அக்காவுக்கும் கஷ்டம்... ம்... ம்... சரி, குட்டிகிட்ட போனைக் குடுங்க. நானே சொல்றேன்... நீங்க சொல்லாதீங்க, குடுங்க...

குட்டி... ஆமாண்டா, அம்மாதான்... ம், லேப்ல இருக்கேன். ஒண்ணு சொல்லட்டுமா? அம்மா அடுத்த வாரம் வரலடா... இல்ல, லீவுக்கும் வர முடியாது... இன்னும் ரொம்ப நாளாகும்...

என்னது?... சரின்னா சொன்ன?... இல்லடா, கோவமெல்லாம் இல்ல. நீ அழுவியோன்னு பயந்துட்டே இருந்தேன்...

ஓ... அத்தை கூடவே படுத்துப்பியா... பயமா இல்லையா உனக்கு?... சரி. சரி... உன் கட்டில் என்னாச்சு?... துணி வச்சிருக்காங்களா... ம். நல்லதுதான்...

கார்ட்டூன் ஆரம்பிச்சிடுச்சா... போ, போய்ப் பாரு... இருடா, ஒரு நிமிஷம். வாம்மான்னு ஒரு தடவை சொல்லேன்... சும்மாதான். அம்மாவால வர முடியாது, ஆனாலும் நீ சொல்லு...

குட்டி?... ஹலோ?... ஹலோ?...