காலிக் கட்டம்

அன்று வண்டியில் இருந்தவர்கள்: கீழ்த்தளத்தில் ஓட்டுநரான என் அக்காவின் கணவர், பேருந்துத் தேர்வுக் குழுவின் தலைவர், நான். மேல்தளத்தில் பயணிகளுக்குப் பதிலாக முப்பது மணல் மூட்டைகள், அப்புறம் பொறியாளர்.

மாடிப் பேருந்தின் மேல் எனக்கு விரோதம் எதுவும் இல்லை. குழந்தைகளுக்குப் பிடிக்கும். ஆனால் நகரத்துக்கு ஏற்றது நடுவில் மடிகிற நீளப் பேருந்துதான். நான்கு கதவு. இருபது நொடியில் ஏறி இறங்கிவிடலாம். மாடியில் இருப்பவர் படியிறங்கி முடிப்பதற்குள் அடுத்த நிறுத்தம் வந்துவிடும். பணிமனையில் ஆறு வருடம் இரண்டையும் கழுவிவிட்டு, இப்போது குழுவுக்கு அட்டவணை எழுதுகிறவன் சொல்கிறேன்.

பொறியாளர் ஒப்பவில்லை. "மடியிற பஸ்ஸு பாதித் தெருவை அடைச்சுக்கும் தம்பி. காலேஜை முடிச்சிருந்தா உனக்கே புரிஞ்சிருக்கும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மரியாதை தெரிந்தவன்.

குழுத் தலைவர் நியாயஸ்தர். "அபிப்பிராயம் வேணாம்பா, எண்ணிக்கையைக் காட்டு" என்றார். ஒப்பீட்டு அட்டவணையில் எரிபொருள், இருக்கை, பராமரிப்பு எல்லாம் நிரம்பியிருந்தன. மாடி வண்டிதான் முந்தியது. 'பாதுகாப்பு' என்ற கட்டம் மட்டும் இரண்டு பக்கமும் காலி. காலிக் கட்டம் என் கண்ணை உறுத்தும்.

சோதனை ஓட்டத்துக்கு வழி குறித்தது நான். ரயில் பாலத்துக்கு அடியில் போகும்படி குறித்தேன். பாலத்தின் பலகையில் இருப்பது பழைய உயரம். அதற்குப் பிறகு, கீழே இருப்பதைச் சுரண்டாமல் ஐந்து முறை தார் போட்டுவிட்டார்கள். பொறியாளர் பலகையைப் படித்தார், படித்தவர் அல்லவா. அதன்படி வண்டிக்கு மேல் அரைச் சாண் மிச்சம். நான் கம்பு வைத்து அளந்தேன். வண்டி ஒன்றரைச் சாண் இடிக்கும் என்று வந்தது.

புறப்படும்போது மாமா கேட்டார். "மாப்ள, பாலத்துல தட்டாதுல்ல?"

"நானே அளந்தேன் மாமா. தைரியமா மிதிங்க."

அளந்தது உண்மை. நான் பொய் சொல்வதில்லை.

இப்போது அட்டவணை முழுமை. நீள வண்டி: சுழியம். மாடி வண்டி: ஒன்று. மூட்டைகளையும் சேர்த்தால் முப்பத்தொன்று வரும், சேர்க்கவில்லை. வேலையில் நேர்மை வேண்டும். கீழே இருந்த எங்களுக்குக் கீறல்கூட இல்லை.

மாமாவை விட்டுவிடுங்கள். அக்கா சாப்பிடாமல் கிடக்கிறாள். தவிர, வேலை என்னுடையது. பெயர் அவருக்குப் போவது முறையல்ல.

படிக்கட்டுக் கதவைப் பற்றித்தானே திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள்? மேலே மூட்டைகள் மட்டும் போதும் என்றுதான் சொன்னேன். அவர் கேட்கவில்லை. "மூட்டையோட மூட்டையா நானும் ஒண்ணு" என்று சிரித்தபடி ஏறினார். ஓடுகிற வண்டியில் படியிறங்கினால் யாருக்கும் கால் இடறும். அவர் விழுந்து அடிபட்டுவிடக் கூடாதே என்றுதான், அவருக்குப் பின்னால் கதவைச் சாத்திப் பூட்டினேன்.