பதினொன்றாம் தேதிப் பதிவு அழிந்த விதம்

என் பெயர் சிங்காரவேலு, வயது 71, தகப்பனார் பெயர் நாகமுத்து. காரைக்கால் கிளிஞ்சல்மேட்டில் குடியிருக்கிறேன். படகு இன்ஜின் பழுது பார்த்து வந்தேன்; சொந்தமாக வலையும் போடுகிறேன். கணினியைப் புத்தகம் வாங்கி நானே படித்துக்கொண்டேன். எங்கள் படகு சங்கத்தில், கடலுக்குப் போகும் படகுகளைப் பதியும் லினக்ஸ் கணினியை 2016இல் அமைத்துக் கொடுத்தவன் நான்.

11.08.2023 அன்று கவியரசன் படகு என் வலையை அறுத்தது. மறுநாள் காலை சங்கத்துக்குப் போய்ப் பதிவேட்டைத் திறக்கச் சொன்னபோது, அவன் படகு கடலுக்குப் போனதைக் காட்டும் பதினொன்றாம் தேதிப் பதிவு மட்டும் இல்லை. பதிவு எழுதும் வினோதினி, கவியரசனின் அக்காள். "பெரியப்பா, நான் அதுல கையே வைக்கலைங்க" என்றாள். "கம்ப்யூட்டருக்குத் தம்பி இல்ல, உனக்குத்தான் இருக்கான்" என்றேன். அதன்பின் இதே காவல் நிலையத்தில் அவள்மீது புகார் கொடுத்தேன். சங்கம் அவளை வேலையிலிருந்து நிறுத்தியது.

அதன்பின், அவள் எந்த நேரத்தில் அழித்தாள் என்று காட்டுவதற்காக, 16ஆம் தேதி செயலாளர் ஜெயபிரகாஷ் முன்னிலையில், கணினி துவங்கும்போது தானே எழுதி வைக்கும் குறிப்புகளைப் படித்தேன். லினக்ஸ் ஒவ்வொரு முறை துவங்கும்போதும், இணைந்துள்ள கருவிகளின் பெயர்களை 'டெவ்' என்ற அடைவில் புதிதாக உண்டாக்கும். முதலில் தட்டுப்பட்ட வட்டு (ஹார்ட் டிஸ்க்) 'எஸ்டிஏ', அடுத்தது 'எஸ்டிபி'. கரைக்கு வரும் வரிசையில் படகுக்கு டோக்கன் கொடுப்பது போன்றது. இன்றைய டோக்கன் நாளைக்கு வேறு படகுக்குப் போகும். நான் எழுதி வைத்த நிரல், 'எஸ்டிஏ' பதிவேட்டு வட்டு, 'எஸ்டிபி' நகல் வட்டு என்று வைத்துக்கொண்டு, தினமும் காலையில் 'எஸ்டிபி'யை அழித்து, 'எஸ்டிஏ'யில் உள்ளதை அதில் நகலெடுக்கும். 12ஆம் தேதி காலை பதிவேட்டு வட்டு இயங்கத் தாமதமானதால், நகல் வட்டு முதல் பெயரை வாங்கிக்கொண்டது. நிரல் பதிவேட்டை அழித்து, முந்தின நாள் காலை எடுத்த நகலை அங்கே எழுதியது. வினோதினி கணினியை இயக்கியதைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை.

அதன்பின் செயலாளர், "இத வெளிய சொன்னா உங்க வலைக்கு சாட்சியே இல்லாம போயிடும், பேசாம இருங்க" என்றார். என் வலையை அறுத்தது கவியரசன் படகுதான் என்று இன்றும் சொல்கிறேன். அது வேறு வழக்கு.

அதன்பின் இன்று நானாக வந்து இதைச் சொன்னேன். எழுதிய உதவி ஆய்வாளர், "பெரியவரே, தெரியாம நடந்துடுச்சுன்னு போட்டிருக்கேன்" என்று வாசித்தார். இந்தப் பெயர்களை நம்பக்கூடாது, வட்டில் பொறித்த எண்ணைக் கொண்டே எழுத வேண்டும் என்று புத்தகத்தில் இருந்தது. படித்துக் கோடும் போட்டேன். இரண்டே வட்டுதானே என்று விட்டுவிட்டேன். ஆகவே 'தெரியாமல்' என்ற சொல்லை என் எதிரில் அடிக்கச் செய்தேன். மற்றவை நான் சொன்னபடி, உண்மையாக எழுதப்பட்டுள்ளன. அடித்த இடத்தில் ஒன்றும் கீழே ஒன்றும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

(ஒப்பம்) நா. சிங்காரவேலு
18.08.2023