ஹெட்மாஸ்டருக்குப் புல் போடும் நேரம்

அந்த நாற்காலி வேண்டாம் டாக்டர், ஒரு கால் ஆடும். இதில் உட்காருங்கள். மின்விசிறிக் காற்று இங்கேதான் வரும். படியேறிப் போகிறவர்களையும் இங்கிருந்தே பார்க்கலாம். நான் வழக்கமாக உட்காருகிற இடம், உங்களுக்காக விட்டுக்கொடுக்கிறேன்.

மாடி வீட்டு டிராயிங் வாத்தியாரின் முயல்களைப் பற்றித்தானே கேட்க வந்தீர்கள்? தாராளமாகக் கேளுங்கள். கண் ஆபரேஷனுக்காக அவர் தங்கை வீட்டுக்குப் போனபோது சாவியை என்னிடம்தான் கொடுத்தார். இந்தக் கட்டடத்தில் பாதிப் பேருடைய மாற்றுச் சாவி என்னிடம் இருக்கிறது. நானாக யாரிடமும் கேட்டதில்லை.

நீங்கள் முயல்களுக்கு ஊசி போடப் போயிருப்பீர்கள், அந்த வீட்டைச் சரியாகப் பார்த்திருக்க மாட்டீர்கள். மனிதர் சாய்ந்து உட்கார ஒரு நல்ல சோபா கிடையாது. ஆனால் கூடத்தில் பாதியை வேலி போட்டு மிருகங்களுக்கு ஒதுக்கியிருந்தார். பெரிய முயலுக்கு ஹெட்மாஸ்டர் என்று பெயர். வேலை பார்த்த காலமெல்லாம் தன்னை அதட்டிய ஹெட்மாஸ்டர்மேல் இருந்த கோபத்தை இப்படித் தீர்த்துக்கொண்டாராம். "இப்பதான் ஹெட்மாஸ்டர் என் கையால சாப்பிடறார்" என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். முதல் தடவை கேட்டபோது நானும் சிரித்தேன். பெண் முயல் ஹெட்மிஸ்ட்ரஸ். மூன்று கினிப்பன்றிகளுக்கும் சேர்த்துக் கோரஸ் என்று ஒரே பெயர். புல் சாக்கு சரசரத்தால் போதும், மூன்றும் ஒன்றாகக் கீச்சிடும். பெயர் பன்றி, உருவம் எலி, பட்டமோ பாட்டுக் குழு. கேட்டீர்களா?

அப்புறம் அந்தப் புல். ஒருநாள் மரியாதைக்குக் கேட்டேன்: "என்ன வாத்தியாரே, வைக்கோல் வந்தாச்சா?"

"வைக்கோல் இல்லம்மா, காய்ஞ்ச புல்லு. வைக்கோல்ல என்ன இருக்கு, வெறும் தண்டு. இதை மோந்து பாருங்க."

மோந்து பார்த்தேன். புல் வாசனைதான் அடித்தது. அவர் என்னவோ அத்தர் கடையில் நிற்பவர் மாதிரி கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டினார்.

அதைக் கொண்டுவருகிறவள் ஒருத்தி, புல்லுக்காரம்மா. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருக்கிற வெட்டவெளியில் அறுத்து, மொட்டைமாடியில் புரட்டிப் புரட்டிக் காயவைத்து, சாக்கில் கட்டிக் கொண்டுவருவாள். வாத்தியார் அதைப் பிரித்துப் பார்க்கிற அழகு இருக்கிறதே, கல்யாணப் புடவை எடுக்கிறவர்கள்கூட அவ்வளவு நேரம் பிரித்துப் பார்க்க மாட்டார்கள்.

"இந்த வாட்டி கொஞ்சம் முரடா இருக்கேம்மா."

"உங்களுக்கா போடப்போறோம் சார்? ஹெட்மாஸ்டர் ஒண்ணும் சொல்ல மாட்டார், போங்க."

இரண்டு பேரும் படிக்கட்டு அதிரச் சிரிப்பார்கள். புல்லைப் பார்த்துச் சிரிக்கிற பெரியவர்களை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

அவர் குடிவருவதற்கு முன்னால், சாயங்காலமானால் எல்லாரும் இந்தக் கூடத்தில்தான் இருப்பார்கள். எலெக்ட்ரீஷியன் மனைவி, தையல்காரம்மா, எதிர்வீட்டு அண்ணி, எல்லாரும். யார் வீட்டில் என்ன சங்கதி, யாருக்கு யார்மேல் மனத்தாங்கல், எல்லாம் இங்கே வந்துதான் ஒரு ஒழுங்குக்கு வரும். நான் சொல்வேன், அவர்கள் கேட்பார்கள். வாத்தியார் வந்தபிறகு செருப்புச் சத்தம் என் வாசலைத் தாண்டி மேலே போக ஆரம்பித்தது. முறை வைத்துக்கொண்டு புல் போடப் போனார்கள். கட்டிய புருஷனுக்கு ஒரு வாய் தண்ணீர் கொடுக்க முனகுகிறவர்கள் முயலுக்குப் புல் உதறிப் போட்டார்கள். எனக்கென்ன வந்தது? தலைவலி விட்டது என்று இருந்தேன்.

ஒரே ஒரு நாள் மட்டும் கொஞ்சம் ஒரு மாதிரியாக இருந்தது. எலெக்ட்ரீஷியன் மனைவி அபூர்வமாக வந்து உட்கார்ந்தாள். மூலை வீட்டு மருமகள் ஏன் பெட்டியோடு போனாள் என்பதை முதலிலிருந்து சொல்லிக்கொண்டு வருகிறேன். மாமியார் அலமாரியைத் திறக்கிற இடத்துக்கு வந்துவிட்டேன். இவள் எழுந்துவிட்டாள்.

"இருங்கக்கா, வந்துடறேன். ஹெட்மாஸ்டருக்குப் புல்லு போடற நேரம்."

"உட்காருடி, இதான் முக்கியமான இடம்."

"இன்னைக்கு என் முறைக்கா. போகலன்னா கோரஸ் கத்தித் தீர்த்துடும்."

போனவள் திரும்பி வரவில்லை. அப்புறம் பார்த்தபோதும் "அலமாரியில என்னக்கா இருந்துச்சு" என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. மறந்தே போய்விட்டாள். இதையெல்லாம் மனதில் வைத்துக்கொள்கிற ஆள் இல்லை நான். அன்றைக்கு அவள் பச்சைப் புடவை கட்டியிருந்தாள், இடது செருப்பில் வார் பிய்ந்திருந்தது, அதை ஊக்கு போட்டு மாட்டியிருந்தாள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். வாத்தியார் கிளம்பிப் போனதும், அவர் வருகிறவரை முறையெல்லாம் வேண்டாம், நானே பார்த்துக்கொள்கிறேன் என்று எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். பட்டினி போட்டேன் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், பாவம் பிடிக்கும். பால் பன் கொடுத்தேன். க்ரீம் பிஸ்கட் கொடுத்தேன். ரொட்டியைச் சர்க்கரைத் தண்ணீரில் நனைத்து ஊட்டினேன். வாத்தியார் கையில் வாங்கித் தின்றதைவிட என் கையில் ஆசையாகத் தின்றன. ஹெட்மாஸ்டர் என் மடியில் கால் வைத்து நின்று கேட்டது. இத்தனை நாள் காய்ந்த புல்லைக் காட்டி ஏமாற்றியிருக்கிறாரே என்று எனக்கே இரக்கமாகப் போய்விட்டது.

வயிற்றில் ஒரு இழை புல்கூட இல்லையா? இருக்காதுதான். கூடையில் கிடந்ததை அள்ளிச் சாக்கில் போட்டு, சாக்கைப் பால்கனியில் வைத்துக் கதவைச் சாத்திவிட்டேன். கூடையை எடுக்கவில்லை. அது அங்கேயேதான் இருந்தது.

தெரியாமல் செய்தேனா என்று கேட்கிறீர்கள். உங்களுக்கு இளகிய மனசு. தெரியும் டாக்டர். கிளம்புவதற்கு முன்னால் வாத்தியார் என்னை உட்காரவைத்துப் பாடமே எடுத்தார். "புல்லு தீரவே கூடாதும்மா. மத்ததெல்லாம் சும்மா ஒரு துணுக்கு. புல்லு உள்ள போயிட்டே இருந்தாதான் வயிறு ஓடும். நின்னா நின்னதுதான். அதுங்களால வாந்திகூட எடுக்க முடியாது. வலிச்சாலும் கத்தாது. உருண்டையா மூலையில உட்கார்ந்துக்கும், பல்லை நறநறன்னு கடிக்கும், அவ்வளவுதான். அப்படிப் பார்த்தா உடனே டாக்டரைக் கூப்பிடுங்க." உங்கள் நம்பரைப் பெரிய எழுத்தில் எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டியிருந்தார். பார்வை மங்கியவர் எழுதியது, கோணல்மாணலாக இருந்தது. ஆனாலும் படிக்க முடிந்தது.

ஹெட்மாஸ்டர்தான் முதலில் உருண்டையாக உட்கார்ந்தது. நான் பக்கத்தில் ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டேன். சும்மா இருக்க முடியாமல், மூலை வீட்டு மருமகள் கதையின் மீதியைச் சொன்னேன். அவ்வளவு பெரிய காது வைத்திருக்கிறதே. எழுந்து போகவில்லை, கடைசிவரை இருந்தது. பல் கடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

வாத்தியார் போன் செய்தார். "எப்படிம்மா இருக்காங்க எல்லாரும்?"

"ரொம்பச் சமத்தா இருக்காங்க. சத்தமே இல்ல."

"கோரஸ்கூடவா?"

"கோரஸ்கூடத்தான்."

"புல்லு திங்கறாங்களாம்மா?"

"கூடை காலியா இருக்கு வாத்தியாரே" என்றேன். பொய்யா சொன்னேன்? "அப்பாடா" என்று பெருமூச்சு விட்டார். கண்ணில் கட்டோடு படுத்திருக்கிற மனிதரிடம் வேறென்ன சொல்ல?

ஹெட்மிஸ்ட்ரஸ் போயிற்று. கோரஸும் ஒவ்வொன்றாக ஓய்ந்தது. அதற்குப் பிறகுதான் சாக்கை எடுத்துவந்து கூடையை நிரப்பி வைத்தேன். வீடு பார்க்க ஒழுங்காக இருக்க வேண்டாமா?

புல்லில் மருந்து அடித்திருக்கலாம் என்று நான் சொன்னது உண்மை. "இருக்கலாம்" என்றுதான் சொன்னேன். தொட்டிக்குப் பின்னால் களைக்கு மருந்து தெளிக்கிறார்கள், அவள் பேராசையில் அதையும் அறுத்திருக்கலாம் என்றேன். எலெக்ட்ரீஷியன் மனைவி வாயில் கை வைத்துக்கொண்டாள். தையல்காரம்மா அழுதாள். எதிர்வீட்டு அண்ணி "அப்புறம்? அப்புறம்?" என்று கேட்டாள். அந்த வாரம் முழுக்க இந்தக் கூடத்தில் உட்கார இடமில்லை, படியில்கூட உட்கார்ந்து கேட்டார்கள்.

புல்லுக்காரம்மாவை வாட்ச்மேன் கேட்டிலேயே நிறுத்திவிட்டார். அவள் சாக்கை அங்கேயே கொட்டினாள். "இதுலயா விஷம்? இதோ பாருங்க சார்" என்று ஒரு கைப்பிடி அள்ளித் தன் வாயிலேயே போட்டு மென்றாள். அதற்குள் திரும்பி வந்திருந்த வாத்தியார் கறுப்புக் கண்ணாடியோடு எதிரில் நின்றுகொண்டிருந்தார். அவள் விழுங்க முடியாமல் இருமினாள். அவர் திரும்பிப் படியேறிவிட்டார். இப்போது அவள் புல்லை இந்தத் தெருவில் யாரும் தொடுவதில்லையாம். முயல், ஆடு, எதற்கும் வாங்குவதில்லையாம். என்ன நாடகம் போட்டாலும் நம்பிக்கை போனால் போனதுதானே.

நீங்கள் அந்தப் புல்லைச் சோதனைக்கு அனுப்பியது நல்லதுதான். சுத்தமான புல் என்று வந்துவிட்டதா? வரட்டும். அவள்மேல் எனக்கு என்ன விரோதம்?

ஆமாம் டாக்டர், நான்தான். ஐந்தையும் நான்தான் கொன்றேன், பழியையும் நான்தான் அவள்மேல் போட்டேன். வாத்தியாரின் நன்மைக்காகத்தான். மனிதர்களோடு பழக வேண்டிய வயதில் மிருகத்தைக் கட்டிக்கொண்டு கிடந்தார். இப்போது அவர் கதவையே திறப்பதில்லை என்கிறீர்கள். கொஞ்ச நாள் போனால் தானாக இறங்கி வருவார்.

அவரிடமும் அவளிடமும் நானே சொல்ல வேண்டுமா? நீங்கள் கேட்காவிட்டாலும் சொல்லியிருப்பேன். ஒரே ஒரு வேண்டுகோள். இரண்டு பேரிடம் மட்டும் சொன்னால் போதாது. எல்லாரையும் இங்கே கூப்பிடுங்கள். வாத்தியாரை முன்னால் உட்காரவைக்கலாம், புல்லுக்காரம்மாவுக்கு அவர் பக்கத்தில் இடம் போடுகிறேன். எலெக்ட்ரீஷியன் மனைவி கட்டாயம் வர வேண்டும். நான் ஆரம்பத்திலிருந்து சொல்வேன், முடிக்கிறவரை ஒருவரும் எழுந்திருக்கக் கூடாது. அரைகுறையாகக் கேட்டுவிட்டுப் போனால் ஆளாளுக்குக் கண், காது, மூக்கு வைத்துப் பேசுவார்கள். வம்பு பேசுவது மட்டும் எனக்கு ஆகவே ஆகாது டாக்டர்.