கேள்வியக்காவின் குரல்

மேடையிலுள்ள துணைவேந்தர் அவர்களே, பேராசிரியப் பெருமக்களே, ஆவணக் காப்பகத் தோழர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் எங்கள் கேள்வியக்காவின் மகளே, வணக்கம். புகழ்ந்து பேசத்தான் என்னை அழைத்தார்கள். ஆனால் காப்பகத் தலைவன் என்ற முறையில் உங்கள் முகத்தை நிமிர்ந்து பார்க்கவே கூசுகிறது.

நம் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்றுப் பிரிவைக் கட்டி எழுப்பிய பெருமாட்டி, நாமெல்லாம் 'கேள்வியக்கா' என்றழைத்த அம்மையார் மறைந்துவிட்டார். ஆலைத் தொழிலாளி, சுமை தூக்கியவர், பிரசவம் பார்த்தவர் என்று இந்த ஊரில் யார் வீட்டுக் கதவை அவர் தட்டவில்லை? வாயே திறக்காத ஓர் ஆலைத் தொழிலாளியிடம், "வேலைக்குப் போன முதல் நாள் என்ன சட்டை போட்டிருந்தீங்க, ஐயா?" என்று கேட்டார். "எங்கண்ணன் சட்டைம்மா. உள்ள ஆள் இருக்கானான்னு மேஸ்திரியே தொட்டுப் பார்த்தாரு" என்று தொடங்கியவர், சாப்பாட்டையும் மறந்து பேசித் தீர்த்தார்.

அந்தப் பதிவுகளை நாங்கள் எப்படிச் சேமித்தோம்? கேள்வி கேட்பவர் குரலை வெட்டிவிட்டுச் சேமித்தோம். பேசுபவர்தான் வரலாறு என்பது எங்கள் விதி. இடமில்லை என்று மூலப் பதிவையும் அழித்தோம். "என் கேள்விய எடுத்துட்டா, பாவம், அந்தப் பெரியவர் தனியா உக்காந்து புலம்புற மாதிரி இருக்கும் சார்" என்றார் அக்கா. சிரித்துக்கொண்டே வெட்டினோம்.

சென்ற வாரம் இந்த மகள் காப்பகத்துக்கு வந்தார். "அம்மா குரல் என்கிட்ட எதுலயும் இல்ல. இத்தனை வருஷம் இங்கதானே பேசினாங்க, கொஞ்சம் போட்டுக் காட்டுங்க" என்றார். தேடினோம். ஊரே பேசுகிறது, அக்காவைக் காணோம். பாதுகாப்பதையே பிழைப்பாகக் கொண்டவர்கள் நாம்! எதைப் பாதுகாத்தோம்? வெட்கம், தோழர்களே, வெட்கம்.

கடைசியில் அந்த ஆலைத் தொழிலாளியின் பதிவில் ஓரிடம் அகப்பட்டது. அவர் மேஸ்திரியைப் பற்றிச் சொல்லும்போதே அக்கா சிரித்துவிடுகிறார். இரண்டு குரலும் கலந்துவிட்டதால் வெட்ட முடியாமல் விட்டிருக்கிறோம். மகள் அதைத் திரும்பத் திரும்பப் போடச் சொன்னார். "அம்மாதான்" என்றார். எங்களை நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட மனம் ஆறியிருக்கும். நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

இனி நம் காப்பகத்தில் கேட்பவர் குரல் வெட்டப்படாது, மூலப் பதிவு அழிக்கப்படாது. இது அக்காவின் மேல் ஆணை. மகளே, எங்கள் ஒலிப்பதிவு அறைக்கு வந்து உங்கள் அம்மாவைப் பற்றி நீங்கள் பேச வேண்டும். அக்காவிடம் கற்ற கேள்வியை இப்போதே கேட்டு வைக்கிறேன். வேலைக்குப் போன முதல் நாள், அம்மா என்ன உடுத்தியிருந்தாங்க?